கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது வைட்டமின் ஈ எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. வரும் திங்கட்கிழமை ஆறு வாரக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குகிறது. உடம்பு தாங்க வேண்டுமே என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரங்களாக 400 அலகு வைட்டமின் ஈ மாத்திரையைத் தினமும் கொடுத்து வருகிறேன். கொழுப்பு புற்றுநோயைப் பரவச் செய்யும் என்று படித்ததால் அவர் உணவில் கொழுப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். நான் வேதியியல் படித்தவள். ‘ஃபெராப்டோசிஸ்’ என்ற புதுவகைச் செல் இறப்பைப் பற்றி அண்மையில் படித்தபோது, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான் புற்றுநோய்ச் செல் இறக்கிறது என்றும், வைட்டமின் ஈ அதைத் தடுக்கும் என்றும் அதில் இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் செய்தது தவறா? இதயத்துக்காக அம்மா உட்கொள்ளும் கொலஸ்ட்ரால் மாத்திரை புற்றுநோய்க்கும் உதவும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

திங்கட்கிழமைக்குள் நீங்கள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஈ மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். அதைக் கொடுத்து வந்த செய்தியைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உணவில் குறைத்த கொழுப்பைத் திரும்பக் கொடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை இப்போதுள்ள அளவிலேயே தொடரட்டும். வைட்டமின், உணவுக் கொழுப்பு, கொலஸ்ட்ரால் மாத்திரை ஆகிய மூன்றைப் பற்றியும் நான் சொன்னதற்குக் காரணம் ஒரே இடத்தில், அதாவது செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில்தான் தொடங்குகிறது. வேதியியல் படித்தவர் என்று எழுதியிருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செல்லின் உள்ளையும் வெளியையும் பிரிக்கும் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அதில் பெரும்பங்கு பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொழுப்பு அமில வால்கள் உண்டு. அந்த வால்களில் இரட்டைப் பிணைப்பே இல்லாதவை நிறைவுற்றவை. ஒன்று மட்டும் உள்ளவை ஒற்றை நிறைவுறாதவை. இரண்டோ அதற்கு மேலோ உள்ளவை பன்மை நிறைவுறாதவை. இந்த மூன்றாவது வகைதான் நம் கதைக்கு மையம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே சிக்கிய கார்பனில் உள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டிக்கொண்டிருப்பதால், அருகில் வரும் தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும், இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துடிப்பான மூலக்கூறு) ஒன்று அதை எளிதில் பறித்துவிடுகிறது. பறிகொடுத்த இடத்தில் ஆக்சிஜன் வந்து சேர்கிறது. அப்படி உருவான பெராக்சில் தனி உறுப்பு, பக்கத்து வாலிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. ஒரு தீக்குச்சி அடுத்த குச்சியைப் பற்றவைப்பதுபோல இது சவ்வு நெடுகப் பரவும். நெடுநாள் திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும் இதே வினையால்தான். இரும்பு இருந்தால் இந்த வினை பன்மடங்கு வேகம் பெறும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு இரும்பு சேரும்போது நிகழும் ஆக்சிஜனேற்றத்தை 1894-இலேயே ஃபென்டன் எழுதி வைத்திருக்கிறார் என்பதை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள்.

உயிருள்ள செல் ஒவ்வொன்றும் இந்தத் தீயை நொடிக்கு நொடி அணைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அணைக்கும் வேலையில் முதன்மையானது ஜிபிஎக்ஸ்4 என்னும் நொதி. தன் வினை மையத்தில் ஒரு செலினியம் அணுவை வைத்திருக்கும் இந்த நொதி, ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பைத் தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அதற்குக் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு வேண்டும். குளுட்டதயோன் செய்யச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். சிஸ்டீனுக்காக, இரண்டு சிஸ்டீன்கள் இணைந்த சிஸ்டினை வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று சவ்வில் வேண்டும். இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும், சவ்வு தாங்க முடியாத அளவுக்குப் பெராக்சைடுகள் குவிந்து செல் வெடித்துச் சிதைகிறது. இந்த இறப்புக்கு 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சனும் பிரென்ட் ஸ்டாக்வெல்லும் ‘ஃபெராப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இரும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், வீழ்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்த பெயர் அது. 1972-இல் பெயர் பெற்ற அப்போப்டோசிஸ் என்னும் ஒழுங்கான செல் இறப்பிலிருந்து இது முற்றிலும் வேறானது. அப்போப்டோசிஸிலும் கொழுப்புக்குப் பங்கு உண்டு: சாகப்போகும் செல், வழக்கமாக உட்பக்கம் மறைத்து வைத்திருக்கும் பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டுகிறது, துப்புரவுச் செல்கள் அதைப் பார்த்துத்தான் அந்தச் செல்லை விழுங்குகின்றன. ஆனால் அங்கே கொழுப்பு ஓர் அடையாளம். ஃபெராப்டோசிஸில் கொழுப்பே கொல்லும் பொருள்.

இனி புற்றுநோய்க்கு வருவோம். கட்டிகள் தமக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்ள வல்லவை என்பதை கிரேஸ் மெடிஸும் அவருடைய குழுவினரும் 1953-இல் காட்டினார்கள். வேகமாகப் பிரியும் செல்லுக்குப் புதிய சவ்வு வேண்டும் என்பதால் இதில் வியப்பில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. மனித உடல் அடிப்படையிலிருந்து தானே செய்யக்கூடியவை நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களும் ஒற்றை நிறைவுறா அமிலங்களுமே. பன்மை நிறைவுறா வகைகளின் மூலம் உணவிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே தன் கொழுப்பைத் தானே செய்துகொள்ளும் கட்டி, எளிதில் தீப்பற்றாத வால்களைக் கொண்டு தன் சவ்வைக் கட்டிக்கொள்கிறது. தீப்பற்றும் வால்களைச் சவ்வில் கோக்கும் ஏசிஎஸ்எல்4 என்ற நொதி குறைவாக உள்ள செல்கள் ஃபெராப்டோசிஸுக்கு மிக எளிதில் மசிவதில்லை என்பது 2017-இல் தெளிவாயிற்று. நிணநீரில் உள்ள, ஒற்றை நிறைவுறா வகையான ஒலியிக் அமிலம் அங்கே செல்லும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்ச் செல்களுக்குக் கவசமாகி, அவை வேறு உறுப்புகளுக்குப் பரவ உதவுகிறது என்பதை 2020-இல் எலிகளில் கண்டார்கள்.

மறுபுறம், அதே 2017-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் பலருக்கும் நம்பிக்கை ஊட்டின. மருந்துகளுக்குத் தப்பி, பெருகாமல் ஒளிந்திருந்து, பின்னாளில் நோயைத் திரும்பக் கொண்டுவரும் செல்கள் உண்டல்லவா? வழக்கமான மருந்துகள் எவற்றுக்கும் மசியாத அந்தச் செல்கள், ஜிபிஎக்ஸ்4 நொதியை முடக்கினால் மட்டும் எளிதில் இறந்துவிட்டன. மருந்துக்குத் தப்ப உதவிய அதே மாற்றம், கொழுப்புத் தீயின் முன் அவற்றை நிராயுதபாணியாக்கியிருந்தது. நோய் திரும்பிய முகங்களை ஆண்டாண்டாகப் பார்த்து வரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த முடிவுகள் எவ்வளவு பெரியவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் அந்த நொதியை முடக்கும் மருந்து ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் காவல் நல்ல செல்லுக்கும் வேண்டும் என்பதே விடை. வளர்ந்த எலிகளில் ஜிபிஎக்ஸ்4 மரபணுவை நீக்கியபோது, சிறுநீரகம் செயலிழந்து அவை சில வாரங்களில் இறந்தன. இது 2014-இல் வந்த ஆய்வு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு அமைப்பின் டி-செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, புற்றுநோய்ச் செல்லின் சிஸ்டின் வாயிலை அடைத்து அதை ஃபெராப்டோசிஸுக்குத் தள்ளுகிறது என்று 2019-இல் தெரியவந்தது. ஆனால் கட்டிக்குள் நுழைந்த அதே டி-செல்கள் அங்குள்ள கொழுப்பை அளவுக்கு மீறி உறிஞ்சித் தாமே ஃபெராப்டோசிஸால் செயலிழக்கின்றன என்று 2021-இல் வேறு குழுக்கள் காட்டின. எவரைக் கொல்வது, எவரைக் காப்பது என்று பிரித்தறியும் மருந்தாக அது அமைய வேண்டும். ஜிபிஎக்ஸ்4 இல்லாதபோதும் செல்லைக் காக்கும் எஃப்எஸ்பி1 என்ற இரண்டாவது நொதி 2019-இல் கண்டறியப்பட்டது. அது இல்லாமலும் எலிகள் வாழ்கின்றன என்பதால், மருந்து தேடுவோர் பலரின் கவனம் இப்போது அதன்மேல் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். கதிர்வீச்சு முதன்மையாகத் தாக்குவது செல்லின் மரபணு இழைகளைத்தான். இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடும்போது அந்தச் செல் பிரிய முடியாமல் சாகிறது. அதோடு கூடவே, கதிர்வீச்சு செல்லுக்குள் தனி உறுப்புகளை உண்டாக்கி, ஏசிஎஸ்எல்4 நொதியையும் உயர்த்தி, ஃபெராப்டோசிஸைத் தூண்டுகிறது என்பதை 2019, 2020 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் காட்டின. எனவே கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால்தான் புற்றுநோய்ச் செல் இறக்கிறது என்று நீங்கள் படித்த வாக்கியம் பாதி உண்மை. அது ஒரு வழி, ஒரே வழி அன்று.

வைட்டமின் ஈ அந்த வழியில் நேராகக் குறுக்கே நிற்கிறது. கொழுப்பில் கரையும் பொருளாதலால் அது சவ்வுக்குள்ளேயே போய் அமர்ந்து, தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை நிறுத்துகிறது. ஆய்வகத்தில் ஒரு செல் ஃபெராப்டோசிஸால்தான் இறக்கிறதா என்று சோதிக்க, அதற்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்ப்பதே வழக்கம். பிழைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. வாயின் புண்பட்ட தோலைக் காப்பதற்காக நாம் கொடுக்கும் மாத்திரை, அங்கே ஒளிந்திருக்கும் ஒரு புற்றுநோய்ச் செல்லையும் அதே கருணையோடு காக்கக்கூடும்.

இது வெறும் கோட்பாடாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் கனடாவில் நடந்த சோதனையின் முடிவுகள் 2005 முதல் வெளிவந்தன. உங்கள் கையிலுள்ள அதே 400 அலகு வைட்டமின் ஈ மாத்திரையை ஒரு பிரிவினருக்குச் சிகிச்சையின்போதும் அதன்பின் மூன்று ஆண்டுகளும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் உடன் கொடுக்கப்பட்டது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வாய்ப்புண் முதலிய உடனடிப் பக்கவிளைவுகள் குறைந்தன. அதைப் பார்த்தால் எவருக்கும் மாத்திரை நல்லது செய்கிறது என்றே தோன்றியிருக்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, மாத்திரை எடுத்த பிரிவில் நோய் அதே இடத்தில் திரும்பும் போக்கு அதிகமாகக் காணப்பட்டது. இறப்புகளும் கூடுதலாக இருந்தன. பின்னர் அதே தரவுகளை ஆராய்ந்தபோது, கதிர்வீச்சின்போதும் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் இந்தத் தீங்கு முக்கியமாகத் தென்பட்டது என்று தெரிந்தது. உங்கள் அம்மா புகைபிடிப்பவர் அல்லர் என்றால் இது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தர வேண்டும். நோயற்றவர்களிடமும் வைட்டமின் ஈ ஏமாற்றமே தந்தது: 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட ‘செலக்ட்’ ஆய்வில், 400 அலகு வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள்.

இங்கே அளவு முக்கியம். ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான வைட்டமின் ஈ ஏறத்தாழ 15 மில்லிகிராம். 400 அலகு மாத்திரையில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. வழக்கமான உணவில் இயல்பாக உள்ள வைட்டமின்களைக் கண்டு அஞ்சி, அவற்றையும் ஒதுக்கத் தொடங்கிவிடாதீர்கள். என் எச்சரிக்கை செறிவூட்டிய மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் மட்டுமே. ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்று பெயர் போட்டு வரும் எதையும் சிகிச்சை முடியும்வரை மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் ஒரு வைட்டமின் குறைவு தெரிந்து, அதற்காக அவரே எழுதிக் கொடுத்தால் அது வேறு.

கொழுப்பை நிறுத்தியது பற்றி: நீங்கள் படித்தது பார்சிலோனாவில் சால்வடோர் அஸ்னார் பெனிடாவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். மனித வாய்ப்புற்றுநோய்ச் செல்களை எலிகளில் வைத்துப் பார்த்தபோது, கொழுப்பை உள்ளிழுக்கும் சிடி36 என்ற வாயில் அதிகம் உள்ள செல்களே பரவின. கொழுப்பு மிகுந்த தீவனம் அந்தப் பரவலைக் கூட்டியது. நோயின் பெயர் அம்மாவின் நோயோடு ஒத்துப்போவதால் உங்களுக்கு அச்சம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் 2021-இல் அதே குழு, பரவலைத் தூண்டியது நிறைவுற்ற வகையான பால்மிடிக் அமிலம் என்றும், ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் அப்படிச் செய்யவில்லை என்றும் பிரித்துக் காட்டியது. கொழுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று. மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ போன்ற பன்மை நிறைவுறா அமிலங்கள் கட்டியை ஃபெராப்டோசிஸுக்குத் தள்ளியதாகவும் எலி ஆய்வுகள் உண்டு. இவற்றைப் படித்துவிட்டு ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்து நோயை வெல்லலாம் என்று எண்ணத் தோன்றும். கட்டியோ தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்யும், இரத்தத்திலிருந்து எடுக்கும், அண்டைச் செல்களிடமிருந்தும் பெறும். உணவைக் குறைத்து அதைப் பட்டினி போட நினைத்தால், முதலில் மெலிவது அம்மாதான்.

அந்த மெலிவைத்தான் நான் உண்மையில் அஞ்சுகிறேன். வாய்ப்பகுதிக் கதிர்வீச்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்திலிருந்து வாயும் தொண்டையும் புண்ணாகும், சுவை போகும், எச்சில் வற்றும், தண்ணீர் விழுங்குவதே வலியாகும். அப்போது அவரால் உண்ண முடிவது சில கவளங்களே. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 மட்டுமே. அந்தச் சில கவளங்களிலிருந்து கொழுப்பையும் எடுத்துவிட்டால் உடம்புக்கு எதைக் கொண்டு ஈடு செய்வது? ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எடை இழந்துவரும், இன்சுலின் சரிவர வேலை செய்யாத புற்றுநோயாளிகளுக்கு ஆற்றலில் கொழுப்பின் பங்கைக் கூட்டச் சொல்கிறது; புரதம் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை இருக்க வேண்டும் என்கிறது. அம்மாவின் எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே எடைக் கருவியில் பார்த்துக் குறித்து வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்த எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் வழியாக உணவு கொடுக்கலாம் என்று அவர் சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடித்துவிட அது பலருக்குத் துணை நின்றிருக்கிறது.

கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் அடைப்பது, செல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் மெவலோனேட் என்ற வேதிப் பாதையை; அதிலிருந்துதான் சவ்வின் தீயை அணைக்க உதவும் கோஎன்சைம் க்யூ10-உம், ஜிபிஎக்ஸ்4 நொதியில் செலினியத்தைச் சேர்க்கத் தேவையான ஒரு பொருளும் வருகின்றன. ஆகவே இந்த மாத்திரை புற்றுநோய்ச் செல்லின் காவலைக் குறைக்கும் என்பது காகிதத்தில் அழகாகவே பொருந்துகிறது. மனிதர்களிடம் பார்த்தபோது அப்படி அமையவில்லை: சிறுசெல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 846 பேரிடம் கீமோதெரபியோடு பிரவாஸ்டாட்டினைச் சேர்த்துக் கொடுத்த சோதனையில் ஆயுள் நீளவில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. அம்மாவின் இதயத்துக்கு அது தேவை, அதற்காகவே தொடரட்டும். புற்றுநோயை எண்ணி அளவைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் செய்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தாயின் உடம்பு தாங்க வேண்டும் என்ற கவலையில், கடையில் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஒன்றை வாங்கிக் கொடுத்தீர்கள். கேள்வி எழுந்த உடனே எழுதிக் கேட்டீர்கள். கதிர்வீச்சு இன்னும் தொடங்கவில்லை. மேலே சொன்ன சோதனையில் சிகிச்சைக் காலம் முழுவதும், அதன்பின் மூன்று ஆண்டுகளும் கொடுக்கப்பட்ட மாத்திரையை, நீங்கள் சிகிச்சைக்கு முன்பாக மூன்று வாரங்கள் மட்டுமே கொடுத்திருக்கிறீர்கள். கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் வைட்டமின் ஈ உடலை விட்டு மெதுவாகத்தான் நீங்கும். அது முழுவதும் நீங்கட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள், ஏனெனில் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதே இந்த நோயில் வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவது. அந்த எல்லையில்தான் அம்மா இப்போது இருக்கிறார். திங்கட்கிழமை குறித்த நேரத்தில் அவரை அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைக் குப்பியையும், அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள்.